ஒழுகாத தொட்டி

நான் ஒரு கொத்தனார். என் கையால் நாற்பத்தேழு வீடுகளுக்கு செப்டிக் டேங்க் கட்டியிருக்கிறேன். ஒன்றுகூட ஒழுகியதில்லை. இதை யார் கேட்டாலும் சொல்வேன், கேட்காவிட்டாலும் சொல்வேன். நாற்பத்தெட்டாவதை மட்டும் ஒழுக வேண்டும் என்று ஆசைப்பட்டுக் கட்டினேன். அந்தக் கூத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன். சிரிக்கிறவர்கள் தாராளமாகச் சிரிக்கலாம். என் மனைவி ஏற்கெனவே சிரித்து முடித்துவிட்டாள்.

முதலில் என் வீட்டு லட்சணத்தைச் சொல்லிவிடுகிறேன். ஊருக்கெல்லாம் டேங்க் கட்டியவன் வீட்டில் டேங்க் கிடையாது. கக்கூஸ் கிடையாது. கிணறும் கிடையாது. வீடு மேட்டில் இருக்கிறது, தெருக்குழாய் பள்ளத்தில் இருக்கிறது, நடுவில் இருநூற்றுப் பன்னிரண்டு படிகள். பதினெட்டு வருஷமாக என் மனைவி அந்தப் படிகளில் குடம் சுமந்து ஏறுகிறாள். மற்ற காரியத்துக்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கும் புதரை நம்பித்தான் இரண்டு பேரும் காலம் தள்ளினோம்.

நீ ஏன் சுமக்கவில்லை என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. குழாயில் ஒன்பது மணியிலிருந்து பதினொரு மணி வரைதான் தண்ணீர் வரும். நான் ஏழு மணிக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவேன். ஞாயிற்றுக்கிழமை என்ன ஆச்சு என்று கேட்பீர்கள். ஞாயிற்றுக்கிழமை எனக்கு உடம்பு வலிக்கும்.

போன வருஷம் அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. எலும்பு டாக்டர் எக்ஸ்ரே படத்தை ஜன்னல் பக்கம் தூக்கிப் பிடித்து, அதைப் பார்த்துக்கொண்டே என்னிடம் பேசினார்.

"இந்தம்மா இனிமே ஒரு சொம்புத் தண்ணிக்கு மேல தூக்கக் கூடாது. தூக்கினாங்கன்னா அடுத்த வருஷம் கால் மரத்துப் போயிரும். அப்புறம் நடமாட்டமே இருக்காது. சொல்லிட்டேன்."

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "ஒரு குடத்துக்கு எத்தனை சொம்புங்க?"

நான் மருந்துச் சீட்டை அக்கறையாகப் படிக்கிற மாதிரி நடந்தேன். எனக்குப் பயமாக இருந்தது. பயம் வந்தால் நான் ஏதாவது காகிதத்தைப் படிப்பேன்.

திட்டத்தைப் பற்றிச் சொன்னது பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா. "வசதியில்லாதவங்களுக்குக் கிணறும் டேங்கும் கட்ட பணம் குடுக்கறாங்களாம். உங்களை விட வசதியில்லாதவங்க யாரு இருக்கா, போய்ப் பாருங்க" என்றார். அவர் அதைப் பாராட்டாகத்தான் சொன்னார்.

மறுநாளே வேலைக்கு மட்டம் போட்டுவிட்டுக் கிளம்பினேன். ஊரக இல்லக் கிணறு மற்றும் கழிவுநீர்த்தொட்டி நிதியுதவி அலுவலகம் ஒரு கட்டடத்தின் மாடியில் இருந்தது. ஏறியதும் எதிர்ச்சுவரில் பெரிய படம். ஒரு குடும்பமே கிணற்றைச் சுற்றி நின்று சிரித்துக்கொண்டிருந்தது. படத்துக்குப் பக்கத்தில் ஒரு கதவு, கதவில் பூட்டு, பூட்டுக்கு மேலே அறிவிப்பு: 'தண்ணீர் இல்லாத காரணத்தால் கழிப்பறை மூடப்பட்டுள்ளது.' அலுவலர்கள் அவசரத்துக்கு எதிர்ச்சாரி ஓட்டலுக்குப் போய் வந்தார்கள். போகும் நேரம், திரும்பிய நேரம், நோக்கம் என்று எழுத வாசலில் ஒரு நோட்டு கட்டித் தொங்கியது. நான் உட்கார்ந்திருந்த ஒரு மணி நேரத்தில் நான்கு பேர் எழுதிவிட்டு ஓடினார்கள். நோக்கம் என்ற இடத்தில் எல்லோரும் 'களப்பணி' என்று எழுதினார்கள்.

உள்ளே இரண்டு மேசைகள் எதிரெதிராக இருந்தன. ஒன்று கிணற்றுப் பிரிவு, இன்னொன்று தொட்டிப் பிரிவு. நடுவில் ஒரே ஒரு மேசை விசிறி. ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அந்த விசிறி யார் பக்கம் அதிக நேரம் நிற்கிறது என்று தகராறு வந்து, இரண்டு அதிகாரிகளும் பேச்சை நிறுத்திவிட்டார்களாம். எதுவானாலும் கடிதம்தான். நான்கடி தூரத்துக்குக் கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுக்க ஒரு பியூன் இருந்தார். மனிதர் பாவம், நாள் முழுக்க நடந்து களைத்திருந்தார்.

கிணற்று அதிகாரி ஒல்லியானவர். என் மனுவை மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தார்.

"டேங்க் இருக்கா?"

"இல்ல சார்."

"டேங்க் இல்லாத வீட்ல என்ன பண்ணுவீங்க? வெளிய போவீங்க. வெளிய போனா நிலம் கெடும். நிலம் கெட்டா கிணறு கெடும். கெடப்போற கிணத்துக்குப் பணம் குடுங்கன்னு கேக்கறீங்க. எனக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருக்கா இல்லையா?"

நான் திரும்பி எதிர் மேசைக்குப் போனேன். தொட்டி அதிகாரி பருத்தவர். விசிறி அவர் பக்கம் வரும்போது மட்டும் பேசினார்.

"கிணறு இருக்கா?"

"அதுக்குத்தான் சார் அங்க கேட்டேன்…"

"அங்க என்ன நடக்குதுன்னு எனக்குத் தெரியாது. கிணறு இருக்கா, இல்லையா? தண்ணியில்லாத வீட்டுக்குக் கக்கூஸ் கட்டிக் குடுத்தா அதுல விறகு அடுக்கி வெப்பீங்க. எத்தனை பேரைப் பாத்திருக்கேன்!"

"அப்ப ரெண்டும் இல்லாதவங்க என்ன சார் பண்றது?"

விசிறி எதிர்ப்பக்கம் போய்விட்டது. அது திரும்பி வரும்வரை காத்திருந்து பதில் சொன்னார்: "ரெண்டுல ஒண்ண வெச்சுக்கிட்டு வரணும்."

"இது ஏழைங்களுக்கான திட்டம்னு சொன்னாங்க."

"ஏழைங்களுக்கேதான். ஆனா ஒழுங்கான ஏழைங்களுக்கு. எதுவுமே இல்லாம வந்து நின்னா நாங்க எதை வெச்சு உங்களை ஏழைன்னு நம்பறது?"

நான் தலையாட்டினேன். சொன்னால் நம்ப மாட்டீர்கள், அந்த நிமிஷம் அது எனக்கு நியாயமாகத்தான் பட்டது. மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து யார் எதைச் சொன்னாலும் எனக்கு நியாயமாகப் படும். இது என் பிறவிக்கோளாறு.

படி இறங்கப் போனவனை ஜன்னலோரம் உட்கார்ந்து முத்திரை குத்திக்கொண்டிருந்த அம்மா கூப்பிட்டார். அலுவலகத்தில் எல்லோரும் அவரை முத்திரை அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள்.

"மேஸ்திரி, படிவத்துல மூணாவது கட்டத்தைப் பாத்தீங்களா? 'இருந்து பழுதடைந்தது.' அது அவசர இனம். ஒழுகற டேங்க் இருந்தா புது டேங்கும் குடுப்பாங்க, கிணறும் குடுப்பாங்க. ரெண்டும் சேத்தே."

"எங்க வீட்லதான் எதுவுமே இல்லையேக்கா."

"இல்லாததை யாரும் ரிப்பேர் பண்ண முடியாது. கெட்டுப்போனதா ஒண்ணு வேணும்." என் கையைப் பார்த்தார். சிமெண்ட் அரித்த விரல்கள். "நீங்க கொத்தனார்தானே?" என்று கேட்டுவிட்டு அடுத்த காகிதத்தில் முத்திரையைக் குத்தினார்.

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. நாற்பத்தேழு நல்ல டேங்க் கட்டியவனுக்கு ஒரு கெட்ட டேங்க் கட்டுவது என்ன பிரமாதம்? கொல்லையில் வேலை மிச்சத்தில் வந்த செங்கல் குவிந்து கிடந்தது. மண்வெட்டியை எடுத்தேன்.

மனைவி இடுப்பைப் பிடித்துக்கொண்டு பின்வாசலில் வந்து நின்றாள். "என்னங்க தோண்டறீங்க?"

"டேங்க். கெட்ட டேங்க்."

"தோண்டறதுதான் தோண்டறீங்க, நல்லதா கட்டினா என்ன?"

"நல்லதா கட்டினா கிணறு கெடைக்காது. உனக்குச் சொன்னா புரியாது. அது விதிமுறை."

அவள் என் நெற்றியில் கைவைத்துப் பார்த்தாள். காய்ச்சல் இல்லை என்று தெரிந்ததும் உள்ளே போய்விட்டாள்.

நாலடி நீளம், மூன்றடி அகலம், நாலடி ஆழம். இதுவரை எல்லாம் சரி. கலவையில்தான் வினை ஆரம்பித்தது. ஒரு சட்டி சிமெண்டுக்குப் பன்னிரண்டு சட்டி மணல் போட்டுக் குழைத்து ஒரு வரிசை வைத்தேன். கரண்டியில் எடுக்கும்போதே பொலபொலவென்று உதிர்ந்தது. யாரோ என் பேரைக் கெடுக்கிற மாதிரி இருந்தது. அந்த யாரோ நான்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டே இருக்கும்போது கை இன்னும் இரண்டு சட்டி சிமெண்டை அள்ளிக் கலவையில் போட்டுவிட்டது.

சுவரைக் கோணலாக எழுப்பலாம் என்று தூக்குக்குண்டை வீட்டுக்குள் வைத்துப் பூட்டினேன். ஒன்றும் ஆகவில்லை. கண்ணே தூக்குக்குண்டாகிவிட்டது. முப்பது வருஷப் பழக்கம் ஐயா, ஒரு நாளில் விடுமா? வேண்டுமென்றே வலது மூலையில் ஒரு செங்கல்லை உருவி ஓட்டை விட்டேன். இது போதும், இது ஒழுகும், இதை வைத்து என் மனைவிக்குக் கிணறு வாங்கிவிடலாம் என்று நிம்மதியாகப் படுத்தேன். காலையில் எழுந்து டீயைக் கையில் வைத்துக்கொண்டு அந்த ஓட்டையைப் பார்த்தேன். அதுவும் என்னைப் பார்த்தது. டீ ஆறுவதற்குள் அதை அடைத்துப் பூசி, பூச்சுக்கு மேல் பால் மாதிரி சிமெண்ட் கரைத்து அடித்து, சாக்கு நனைத்துப் போர்த்திவிட்டேன். சாக்கு நனைக்கவும் தண்ணீர் அவள் கொண்டுவந்ததுதான்.

'இருந்து பழுதடைந்தது' என்று எழுதி மனுவைக் கொடுத்தேன். மூலைகளில் எங்காவது விரிசல் விட்டிருக்காதா என்று ஒரு நப்பாசை. பத்து வாரம் கழித்துத் தொட்டி அதிகாரி கறுப்புக் குடையோடு வந்தார்.

டேங்கைச் சுற்றி வந்தார். குனிந்து தட்டினார். அது கணீரென்று சத்தம் கொடுத்தது.

"ஒழுகுதுன்னு எழுதியிருக்கீங்க. கக்கூஸ் எங்க?"

"இன்னும் கட்டலை சார்."

"பரவாயில்லை, கக்கூஸ் வேற பிரிவு. தொட்டி ஒழுகுதான்னு மட்டும்தான் நான் பாப்பேன். பைப் ஓட்டையெல்லாம் அடைச்சு விளிம்பு வரைக்கும் தண்ணி ரொப்புங்க. ஒரு நாள் முழுக்க விட்டு அளந்து பாக்கணும்."

"தண்ணி நீங்க லாரில கொண்டு வருவீங்களா சார்?"

"தண்ணி பயனாளியோட பங்களிப்பு" என்றார். "எல்லாத்தையும் நாங்களே செஞ்சா உங்களுக்கு உழைப்போட அருமை எப்படித் தெரியும்?"

கணக்குப் போட்டுப் பார்த்தேன். தொண்ணூற்றாறு குடம். கணக்கு முடிந்து நிமிர்ந்தபோது என் மனைவி இடுப்பில் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு குடத்தை எடுத்துக்கொண்டிருந்தாள். யாரும் சொல்லவில்லை. தண்ணீர் என்ற சொல் காதில் விழுந்தாலே அவள் கை குடத்துக்குப் போய்விடும்.

"ஏய், வை அதை! டாக்டர் என்ன சொன்னாரு?"

"அப்ப யாரு கொண்டு வர்றது?" என்று கேட்டாள். குத்திக்காட்டவில்லை. உண்மையிலேயே தெரியாமல்தான் கேட்டாள்.

நான்தான் சுமந்தேன். குழாய்க்காரர் கையைக் காலைப் பிடித்து மூன்று நாள் கூடுதல் நேரம் திறந்துவிடச் சொன்னேன். முதல் பத்துக் குடம் மிடுக்காக ஏறினேன். இருபதில் முழங்கால் பேச ஆரம்பித்தது. முப்பத்தைந்தாவது குடத்தில், நூற்றுப் பதினாறாம் படியில், கைப்பிடிச் சுவர் ஓரிடத்தில் வழவழவென்று தேய்ந்திருப்பதைப் பார்த்தேன். மற்ற இடமெல்லாம் சொரசொரப்பு. சிமெண்ட் எப்படித் தேயும் என்று எனக்குத் தெரியும், சும்மா தேயாது. மூச்சு வாங்கி அந்த இடத்தில் கையை ஊன்றினேன். என் மனைவியின் உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அங்கேயே குடத்தை இறக்கி வைத்து உட்கார்ந்துவிட்டேன். பதினெட்டு வருஷத்துக்கு எத்தனை குடம் என்று கணக்குப் போடவில்லை. போட பயமாக இருந்தது. அழுகை வந்தது. கீழே ஆள் வரும் சத்தம் கேட்டதும் வியர்வையைத் துடைக்கிற மாதிரி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தேன்.

மூன்றாம் நாள் தொட்டி நிறைந்தது. அதிகாரி விளிம்பில் சுண்ணாம்புக்கட்டியால் கோடு போட்டுவிட்டுப் போய், மறுநாள் வந்து மண்டியிட்டுப் பார்த்தார். நானும் மண்டியிட்டேன். ஒழுகு, ஒழுகு என்று மனசுக்குள் கெஞ்சினேன். தண்ணீர் கோட்டிலேயே நின்றது. ஒரு மயிரிழைகூட இறங்கவில்லை.

அதிகாரி எழுந்து என் கையைப் பிடித்துக் குலுக்கினார். அவர் கண் கலங்கியிருந்தது.

"மேஸ்திரி, இருபத்து மூணு வருஷ சர்வீஸ்ல இப்படியொரு தொட்டிய நான் பாத்ததில்லை. நாங்க பணம் குடுத்துக் கட்டின தொட்டி ஒண்ணுகூட இப்படி நிக்கலை. எங்க பணம் படாததாலதான் இது நல்லா இருக்கு. இதை நான் பெருமையா எழுதுவேன்!"

அப்போது எனக்கு என்ன தோன்றியிருக்க வேண்டும்? கிணறு போச்சே என்று தோன்றியிருக்க வேண்டும். எனக்கு நெஞ்சு நிமிர்ந்தது. "நாற்பத்தேழு கட்டியிருக்கேன் சார், ஒண்ணும் ஒழுகினதில்ல" என்று வாய் தானாகச் சொன்னது. பின்வாசலில் நின்ற மனைவி தலையில் அடித்துக்கொண்டாள்.

கடிதம் சீக்கிரமே வந்தது. 'தங்கள் தொட்டி ஒழுகவில்லை என்பதை மகிழ்ச்சியுடன் தெரிவித்துக்கொண்டு, தங்கள் மனு நிராகரிக்கப்படுகிறது.'

நான் அந்தக் காகிதத்தை ஏழெட்டுத் தடவை படித்தேன். மனைவி அதற்குள் ஒரு வாளிக்குக் கயிறு கட்டித் தொட்டிக்குள் விட்டு, அரை வாளித் தண்ணீர் மொண்டாள்.

"என்ன பண்ற?"

"சுத்தமான தண்ணி. நீங்க சுமந்தது. கீழ கொட்டச் சொல்றீங்களா?" ஒரு வாய் குடித்துப் பார்த்தாள். "ஏங்க, இந்த மாதிரி ஒண்ணு கட்டி மழைத் தண்ணிய விட்டிருந்தா பாதி வருஷம் நான் படி ஏற வேண்டியிருந்திருக்காது. இல்ல?"

"ஆமா" என்றேன்.

"உங்களுக்குத் தோணலியா?"

"தோணலை."

அவள் மேலே ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். நான் பலகை அறுத்துத் தொட்டிக்கு மூடி செய்தேன். கூரைத் தண்ணீர் விழ ஒரு தகரத்தை வளைத்து மாட்டினேன். அந்த மாதமே இரண்டு மழை பெய்தது.

அவசர இனத்தில் ஒரு பிரிவு நிராகரித்தாலும் இன்னொரு பிரிவு தனியாக வந்து பார்வையிட வேண்டும் என்பது எனக்குத் தெரியாது. ஒரு நாள் கிணற்று அதிகாரி வந்து நின்றார். அந்த நேரம் பார்த்து என் மனைவி கயிறு போட்டுத் தண்ணீர் மொண்டுகொண்டிருந்தாள். அவர் முகம் மலர்ந்தது.

"கிணறு இருக்கே!"

"சார், அது கிணறு இல்ல, செப்டிக் டேங்க்" என்றேன்.

"செப்டிக் டேங்க்ல என்ன இருக்கும்?"

"கழிவு இருக்கும் சார்."

"இதுல என்ன இருக்கு?"

"தண்ணி."

"குழி இருக்கு, செங்கல் கட்டியிருக்கு, தண்ணி இருக்கு, கயிறு போட்டு ஒரு அம்மா மொள்றாங்க. இதைக் கிணறு இல்லைன்னு சொன்னா நாளைக்கு எல்லாரும் அவங்கவங்க கிணத்தைக் கிணறு இல்லைன்னு சொல்லுவாங்க. எனக்குக் கத்துக்குடுக்காதீங்க மேஸ்திரி."

ஒரு பாட்டிலில் தண்ணீர் எடுத்துப் போனார். பரிசோதனைச் சாலை 'மிக நன்று' என்று எழுதிக் கொடுத்தது. ஆகக் கூடி, ஏட்டின்படி என் வீட்டில் ஒரு சிறந்த தொட்டி இருந்தது, ஒரு சிறந்த கிணறும் இருந்தது. கொல்லையில் ஒரு குழி இருந்தது. மழை நின்றதும், மொள்ள மொள்ளக் குழியில் தண்ணீர் குறைந்துகொண்டே வந்தது. வேலை முடிந்து வரும்போது குடம் இடம் மாறியிருப்பதைச் சில நாள் கவனித்தேன். கேட்டால், "பாதிக் குடம்தாங்க" என்றாள். அவளுடைய இடது கால் மரக்க ஆரம்பித்திருந்தது. அதையும் நானாகக் கண்டுபிடித்தேனே தவிர அவள் சொல்லவில்லை.

நான் மறுபடி அலுவலகத்துக்கு ஓடினேன். இரண்டு மேசையிலும் கைகூப்பினேன். இரண்டு பேரும் என்னைப் பாராட்டி அனுப்பினார்கள். முத்திரை அக்காதான் இரண்டு அறிக்கையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டையும் ஒரே நூலில் கட்டி, தலைமை அலுவலகத்துக்கு அனுப்பும் கூடையில் போட்டார்.

தலைமை அலுவலகத்திலிருந்து ஒரே ஒரு வரி வந்தது. 'மேற்படி வீட்டில் கிணற்றுக்கும் தொட்டிக்கும் இடையே உள்ள தூரம் என்ன?'

ஐம்பதடி இருக்க வேண்டும் என்பது விதி. அளக்க இரண்டு பேரும் சேர்ந்து வரவேண்டியதாயிற்று. டேப் தொட்டிப் பிரிவுக்குச் சொந்தம், அளவுப் பதிவேடு கிணற்றுப் பிரிவுக்குச் சொந்தம். பியூனும் கூட வந்தார், பேச்சுக்கு. குழிக்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர்.

"தொட்டி எதுன்னு கேளு" என்றார் கிணற்று அதிகாரி பியூனிடம்.

"இதுதான்னு சொல்லு. கிணறு எதுன்னு கேளு" என்றார் தொட்டி அதிகாரி.

"இதேதான்னு சொல்லு."

இரண்டு பேரும் டேப்பை நீட்டவில்லை. பித்தளை நுனியைத் தொட்டுக்கொண்டு நின்றார்கள். ஒன்பது வருஷத்துக்குப் பிறகு அவர்கள் முதல் தடவையாக ஒருவரை ஒருவர் நேருக்கு நேர் பார்த்தார்கள்.

"பூஜ்யம்" என்றார் கிணற்று அதிகாரி.

"பூஜ்யம்தான்" என்றார் தொட்டி அதிகாரி. "பயங்கரமான விதிமீறல். எனக்குத் தெரிஞ்சு இவ்ளோ பக்கத்துல யாருமே வெச்சதில்ல."

எனக்குள் அபராதம், வழக்கு, ஜெயில் என்று என்னென்னவோ ஓடியது. "சார், ஒண்ணே ஒண்ணுதான் சார் இருக்கு" என்று கும்பிட்டேன்.

"பயப்படாதீங்க மேஸ்திரி, இதுக்கு நிதி இருக்கு" என்றார் கிணற்று அதிகாரி. "கிணறு இடமாற்ற நிதி. ஒன்பது வருஷமா ஒரு ஆளும் வாங்கலை. ஐம்பதடிக்குள்ள இருக்கற கிணத்தை எங்க செலவுல எடுத்து ஐம்பதடி தள்ளி வெச்சுத் தரணும். வாங்க, அளப்போம்."

கிணறே இல்லாதவனுக்குக் கிணறு தர வழியில்லை. இல்லாத கிணற்றை இடம் மாற்றித் தர வழி இருந்தது. நான் வாயைத் திறக்கவில்லை. என் வாழ்க்கையில் ஒழுங்காக நடந்துகொண்ட தருணம் அது ஒன்றுதான்.

கொல்லையில் ஐம்பதடி கிடையாது. டேப் பின்வாசல் வழியாக வீட்டுக்குள் நுழைந்தது. அடுப்பைத் தாண்டி, அரிசி டப்பாவைத் தாண்டி, எங்கள் கட்டிலுக்கு மேலே போய் முன்வாசலில் இறங்கியது. மனைவி அடுப்பிலிருந்த பாத்திரத்தை ஒரு கையாலும் டேப்பை ஒரு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். ஐம்பதாவது அடி வாசற்படியிலிருந்து ஒன்பதடி தள்ளி வந்து நின்றது.

"இங்க" என்றார்கள் இரண்டு பேரும் ஒரே நேரத்தில். பிறகு வெட்கப்பட்டு விலகி நின்றார்கள்.

ஒரு மாதத்தில் இயந்திரம் வந்து துளை போட்டது. நூற்றுப் பத்தடியில் தண்ணீர் வந்தது. கைப்பம்பு வைத்தார்கள். பக்கத்தில் 'வெற்றிகரமாக இடமாற்றம் செய்யப்பட்ட கிணறு' என்று பலகை நட்டார்கள். தொட்டி தொட்டியாயிற்று. அதன் மேல் நான் ஒரு கக்கூஸும் கட்டினேன், அதுவும் ஒழுகவில்லை. எங்கள் மேட்டுத்தெருவில் இப்போது வீட்டுக்கு ஒரு குழி தோண்டுகிறார்கள். "எங்களுக்கும் ஒரு பூஜ்யம் கட்டிக் குடுங்க மேஸ்திரி" என்று தையல்காரம்மாதான் முதலில் வந்து நின்றார்.

மனைவி இன்னும் ஒரு காலை இழுத்துத்தான் நடக்கிறாள். தூக்குவதை நிறுத்தியதால் இதோடு நின்றது, ஒரு வருஷம் முன்னாடியே நிறுத்தியிருந்தால் இதுவும் வந்திருக்காது என்றார் டாக்டர். இந்தத் தடவை அவர் படத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துச் சொன்னார். இப்போது பம்பு அடிப்பது நான்தான், ஞாயிற்றுக்கிழமையும்.

நாலு மாதம் முன்னால் அலுவலகத்திலிருந்து 'பயனாளி கருத்துப் படிவம்' வந்தது. உட்கார்ந்து நிரப்பினேன். ஏழாவது கேள்வி: 'இத்திட்டத்துக்கு முன் தங்கள் வீட்டின் நீராதாரம் எது?' கிணறு, ஆறு, லாரி, மற்றவை என்று கட்டங்கள். அவளிடம் வாசித்துக் காட்டி, "எதைப் போடட்டும்?" என்று கேட்டேன்.

"மற்றவைன்னு போடுங்க" என்றாள், கீரை ஆய்ந்துகொண்டே.

மற்றவைக்கு எதிரே இரண்டு விரல் அகலம் இடம் இருந்தது. 'என் மனைவி' என்று எழுதினேன். பத்தாம் நாள் படிவம் திரும்பி வந்தது. சிவப்பு மையில் குறிப்பு: 'பட்டியலில் இல்லாத நீராதாரம். திருத்தி அனுப்பவும்.'

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். சிரித்ததில் இடுப்பு பிடித்துக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி நின்று மறுபடி சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்து வெகுநேரம் உட்கார்ந்திருந்துவிட்டு, ஒரு எழுத்தையும் மாற்றாமல் அதே உறையில் போட்டு அனுப்பினேன். அவர்களும் விடவில்லை, மூன்று முறை திருப்பி அனுப்பிவிட்டார்கள். நானும் மூன்று முறை அப்படியே அனுப்பிவிட்டேன். என் கோப்பு இன்னும் முடியாமல் அந்த மேசைகளுக்கு நடுவே நடந்துகொண்டிருக்கிறது. என் ஆயுசில் பூசி மறைக்காமல் விட்ட ஒரே ஓட்டை அதுதான்.